தோட்ட இலக்கியத்தில் தொழிலறிவு

மலேசியத் தமிழ்ப் புனைகதை தோட்டத்து மண்ணில் வேரூன்றி வளர்ந்தது என்பது மிகையன்று. கா. பெருமாளின் 'துயரப் பாதை', தமிழகத்து அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' (1977) முதலிய நாவல்களும் எண்ணிறந்த சிறுகதைகளும் பால்மரத்தடியில் வாழ்ந்தோரின் கதையைக் கூறுவன. கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடையின் கேடு, லயத்து வீட்டின் நெருக்கடி, தோட்டத் துண்டாடல் ஆகியவை இவ்விலக்கியத்தின் நிலையான பொருள்கள். அவை மெய்யாக நிகழ்ந்தவை. அவற்றை எழுதியது குறையாகாது. ஆயினும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. தொழிலாளர் பட்ட துன்பத்தை எழுதிய இலக்கியம், அவர் பெற்றிருந்த அறிவை எழுதியதா?

பால்வெட்டு எளிய வேலையன்று. பால் நாளங்கள் பட்டையின் உட்புறத்தே அமைந்தவை. கத்தி மயிரிழையளவு மேலே நின்றால் பால் குறையும். மயிரிழையளவு ஆழ்ந்தால் மரம் புண்படும். புண் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகி மறுவெட்டுக்கு உதவாது. நாளங்கள் சற்றே சாய்ந்து செல்வதால் வெட்டும் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க வேண்டும். வைகறையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகும். பால் நன்கு சுரக்கும். அதனாலன்றோ விடியுமுன் விளக்கேந்தி நிரைக்குச் சென்றனர்! நெகிரி செம்பிலானின் ரந்தாவிலும் பகாவிலும் இவ்வறிவு எழுத்தறியாத தாய்மாரின் மணிக்கட்டில் குடியிருந்தது. கதைகளிலோ அந்த வைகறை பெரும்பாலும் குளிருக்கும் கொசுவுக்கும் ஏச்சுக்குமே இடமாயிற்று. விதிவிலக்குகள் உண்டு, அவை சிலவே.

இது தமிழ் மரபுக்குப் புதிய கோரிக்கையன்று. பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. உழவின் சிறப்பைப் பாடிய வள்ளுவரும், உழுத புழுதியைக் கால் பங்காகக் காயவிடும் நுட்பத்தை ஒரு குறளில் வைத்தார். தொழிலைப் போற்றுவோர் தொழிலின் நுட்பத்தையும் அறிந்திருந்தனர்.

இக்குறை இன்று பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் இயந்திரம். தோட்டத்தில் மனிதக் கைக்கு மாற்று வந்த வரலாறு நெடியது. செம்பனைப் பூக்களுக்கு ஆள்வைத்து மகரந்தம் தூவிய காலம் ஒன்றிருந்தது. 1981இல் கேமரூன் நாட்டுக் கூன்வண்டு ஒன்று ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. வண்டு பெருகியது, தூவும் வேலை மறைந்தது. ஒரு சிற்றுயிர் ஒரு தொழிலையே விழுங்கிய அச்செய்தி நம் கதைகளில் எத்தனையில் இடம்பெற்றது? 2020இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு, குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்காத நிலை ஏற்பட்டது. அதன்பின் தானியக்க ஆய்வு மேலும் விரைந்தது. பழுத்த குலையையும் பழுக்காத குலையையும் பிரித்தறியக் கணினிக்குக் கற்பிக்கின்றனர்.

அக்கணினி எவ்வாறு கற்கிறது? அனுபவமுள்ளோர் பார்த்து வகைப்படுத்திக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டே கற்கிறது. நிறம் கருமையிலிருந்து செம்மைக்கு மாறுவதையும், மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடப்பதையும் முதலில் கண்டு தெளிந்தவர் தொழிலாளரே. செயற்கை நுண்ணறிவு எனப்படும் மாணவனுக்கு இங்கே ஆசிரியர் அவரே. ஆனால் அந்த ஆசிரியருக்குப் பெயருமில்லை, காணிக்கையுமில்லை.

துன்பத்தை மட்டுமே கண்ட இலக்கியம் இம்மாற்றத்தின்முன் இரண்டு சொற்களையே சொல்ல வல்லது: தொல்லை தீர்ந்தது என்று மகிழலாம், பிழைப்புப் போயிற்று என்று அழலாம். இவ்வறிவு யாருடையது, இதன் பயன் யாருக்கு என்னும் மூன்றாவது வினாவை அது எழுப்ப இயலாது. அவ்வினா இந்நாட்டில் முன்பே எழுந்ததுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். உழைத்தவரே சிறுதொகை சேர்த்துத் தோட்டத்தை வாங்கினர். நிலத்துக்கு அன்று கேட்ட உரிமையை, அறிவுக்கு இன்று கேட்பார் யார்?

நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. வெட்டுக்கத்தியைப் பிடித்தறியாத தலைமுறை தமிழ்ப்பள்ளிகளில் பயில்கிறது. பாட்டி செய்தது அறிவற்ற கூலிவேலை என்று அப்பிள்ளைகள் எண்ணினால், அப்பழியில் நம் கதைகளுக்கும் பங்குண்டு. கத்தியை எப்படிப் பிடித்தாய் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிப்பது ஆசிரியர்க்கு அரிய செயலன்று. எழுதப்படாத அறிவு அதை உடையவரோடு மறையும். அல்லது, அவர் பெயரின்றி இயந்திரத்தில் வாழும். இவ்விரண்டுக்கும் இடமளியாமல் காப்பது எழுத்தின் கடமையாகும்.