துவிபாத பீடம் போதும்

யோகா வகுப்பில் சேருவதற்கு முன் அங்கே சிரசாசனம் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. துவிபாத பீடத்தை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தால் போதும். உடம்பு வளைகிற நாலு மாணவர்கள் கிடைத்துவிட்டால் சிரசாசனத்தை வைத்து எந்த ஆசிரியரும் பேர் வாங்கிவிடலாம். மயூராசனம் பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரில்தான் இருக்கும், மாஸ்டர் இளவயதில் எடுத்துக்கொண்ட படமாக. துவிபாத பீடத்தை வைத்து யாரும் பேர் வாங்கியதில்லை. அதனாலேயே ஆசிரியரிடம் இருக்கும் சரக்கு அதில் தெரிந்துவிடுகிறது.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். உள்மூச்சு முதலில் கிளம்ப வேண்டும். அதற்குப் பின்னால்தான் இடுப்பு எழ வேண்டும். கைகள் தலைக்குப் பின்னே போய்த் தரையைத் தொடுவதும் இடுப்பு உச்சிக்கு வருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மோவாய் லேசாக உள்ளே வந்திருந்தால் பின்கழுத்து தானாக நீளும். இறங்குவதில்தான் அழகே இருக்கிறது. மேல்முதுகு, நடுமுதுகு, கடைசியில் இடுப்பு என்று கணுக்கணுவாகத் தரைக்கு வரும். முழுதும் வந்து சேர்ந்த பிறகும் வெளிமூச்சில் ஓர் இழை மிச்சமிருக்க வேண்டும். மூச்சுக்குள் அசைவு அடங்கியிருக்க வேண்டும். அசைவு முன்னால் ஓட, மூச்சு பின்னால் இரைத்துக்கொண்டு வரக் கூடாது. தொடை நடுங்காமல், பிட்டத்தை இறுக்காமல் ஆறு தடவை இப்படிச் செய்கிறவரைப் பார்ப்பது, நல்ல பாடகர் மேல் ஷட்ஜத்திலிருந்து அவசரமில்லாமல் இறங்கி வருவதைக் கேட்பது மாதிரி.

எனக்கு இதைக் கற்றுத்தந்த அம்மாள் யோகாசிரியர் தேசிகாசாரின் வழியில் வந்தவர். அவர் என் இடுப்பைக் கவனித்ததாக நினைவே இல்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தொண்டைக்குழியைப் பார்ப்பார், விலா ஏறி இறங்குவதைப் பார்ப்பார். “கை வரலைன்னா பரவாயில்லை சார். முதுகு கீழ வர்றதுக்குள்ள மூச்சு தீந்துபோச்சு பாருங்க, அதைச் சரிபண்ணுவோம்” என்பார். அப்புறம் பாதி உயரத்துக்கு மேல் தூக்க விடமாட்டார். கிளம்பும்போது ஒரு தாள் தருவார். படுத்திருக்கும் குச்சி மனிதன், எழும் குச்சி மனிதன், பக்கத்தில் அம்புக்குறி, மூச்சின் கணக்கு, எத்தனை முறை. தேசிகாசாரின் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இந்தக் குச்சி மனிதர்கள் பழக்கமானவர்கள்தான். என் தாளும் என் மனைவியின் தாளும் ஒரு நாளும் ஒன்றாக இருந்ததில்லை. எனக்குச் சர்வாங்காசனம் வந்த வாரம், அதற்கு முன்னால் துவிபாத பீடமும் பின்னால் புஜங்காசனமும் எழுதியிருந்தது. போவதற்கு ஒரு வழி, திரும்புவதற்கு ஒரு வழி. திரும்பும் வழியை எழுதித் தராத பள்ளியில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இதெல்லாம் சென்னையில் விளைந்தது என்பதில் எனக்கு ஊர்ப் பெருமையும் உண்டு, மறைப்பானேன். மைசூர் ஜகன்மோகன் அரண்மனை யோகசாலை 1950-ல் மூடப்பட்ட பிறகு தேசிகாசாரின் தந்தை கிருஷ்ணமாச்சாரியார் இங்கே வந்தார். 1938-ல் அவரை வைத்து எடுத்த மௌனப் படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய மிடுக்கில் மயங்கிப்போவார்கள். எனக்குப் பிடித்தவர் அந்த மைசூர்க்காரர் இல்லை. வந்தவரின் வயதையும் வியாதியையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த சென்னைக் கிழவர். 1989-ல் நூறு வயதில்தான் போனார். பொறியியல் படித்த மகன் தேசிகாசார் 1976-ல் தந்தை பெயரில் தொடங்கிய யோக மந்திரம் மந்தைவெளியில் இருக்கிறது.

அடையாறில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். ஐயங்கார் முறையில் ஊறியவர். என் துவிபாத பீடம் அவருக்கு ஓய்வூதியக்காரர் ஆசனம். இடுப்புக்குக் கீழே மரக்கட்டையைக் கொடுத்துச் சேதுபந்தத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து பார், அப்போது முதுகெலும்பு என்றால் என்னவென்று தெரியும் என்பார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கயிறு, பெல்ட், நாற்காலி, போர்வை என்று அங்கே இருக்கும் சாமான்கள் முட்டி வலிக்காரர்களுக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சமல்ல. 1966-ல் வந்த ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’வின் படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் பாதத்தின் வெளிவிளிம்பு, முழங்கால் சில்லு, தோள்பட்டையின் கீழ்முனை என்று அடுக்கடுக்காக வரும் கட்டளைகளுக்கு நடுவில் நான் மூச்சு விட மறந்துவிடுகிறேன். அஷ்டாங்கக்காரர்கள் துள்ளிக் குதித்துப் பின்னால் போவது கண்ணுக்கு விருந்து. என் மணிக்கட்டுக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஐயங்கார் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர், அஷ்டாங்க முறையின் பட்டாபி ஜோயிஸ் சிறுவயதிலேயே வந்து சேர்ந்த சீடர், தேசிகாசார் மகன். முறைகள் எட்டுத் திக்கில் போனாலும் ஒரு விஷயத்தில் மூன்று வீட்டுக்கும் மறுபேச்சே இல்லை. வகுப்பு நேரம் ஆசிரியர் தன் பயிற்சியைச் செய்துகொள்ளும் நேரம் இல்லை. ஐயங்கார் பள்ளியில் ஒருமுறை செய்து காட்டிவிட்டு எழுந்து நடப்பார்கள். அஷ்டாங்கத்தின் மைசூர் பாணி வகுப்பில் மாணவர்கள் தங்கள் வேகத்தில் செய்துகொண்டிருக்க, ஆசிரியர் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே வருவார்.

இப்போது என்ன நடக்கிறது? முன்வரிசையில் ஒரு மேடை, மேடையில் மேட், மேட்டில் மாஸ்டர். காதோரம் மைக். நாம் மூச்சை இழுக்கும்போது அவரும் இழுக்கிறார். அவர் குனியும்போது நாமும் குனிகிறோம். அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. பின்வரிசையில் ஓர் அம்மாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. போதாக்குறைக்குப் புல்லாங்குழல் பாட்டு வேறு. மூச்சுச் சத்தத்தைக் கேட்டே தப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் எதற்குப் பாட்டு? 200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அந்த மணி நேரங்களில் அடுத்தவர் உடம்பைப் பார்த்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. ஜமுக்காளம் விரித்த மொட்டைமாடி வகுப்புகளில் கண்ணாடியும் ஏசியும் இல்லை; ஆனால் டீச்சரின் கண் நம் மேல் இருந்தது. ஜூன் 21 யோகா தினம் வந்தால் மைதானம் நிறைய ஜனங்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்குகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? அதைப் பார்த்துவிட்டு அதுதான் வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்களே, அதுதான் வருத்தம்.

தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சுமாரான வகுப்பு இருந்தால், வேளச்சேரியிலிருந்து அண்ணாநகருக்குப் போய்ச் சேர வேண்டிய பிரமாதமான வகுப்பைவிட அதுவே மேல். மூன்றாவது வாரம் உங்களுக்கே புரியும். முதல் நாள் ரத்த அழுத்தம், கண்ணழுத்தம், முட்டி, தூக்கம் பற்றி விசாரிக்காமல் மேட்டை விரிக்கச் சொல்கிற இடத்தில் தலைகீழ் ஆசனம் எதையும் செய்யாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல ஆசிரியர் நாற்காலி போடுவார். ஆண்டுச் சந்தா கட்டினால் டீ ஷர்ட் இலவசம் என்பார்கள். டீ ஷர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.