கிளாஸ்கோ கலைப்பள்ளி: எரிந்த கட்டடமும் எழுப்பும் முறையும்

கட்டடத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தையே புகழ்வர். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் வரைந்து தந்த கலைப்பள்ளிக்கு அப்புகழ் போதாது. அங்கே பயனே அழகை ஈன்றது.

மெக்கின்டாஷ் அப்பள்ளியின் மாலை வகுப்புகளிலேயே பயின்றவர். பொருள் முட்டுப்பாட்டால் கட்டடம் இரு தவணையாக எழுந்தது. கிழக்குப் பகுதி 1897 முதல் 1899 வரையிலும், மேற்குப் பகுதி 1907 முதல் 1909 வரையிலும் கட்டப்பட்டன.

வடக்கு நோக்கிய முகப்பை எண்ணிப் பாருங்கள். ஓவியம் தீட்டுவோர்க்கு வேண்டுவது நேர் வெயில் அன்று. அதிகம் மாறாத வடதிசை ஒளி. ஆகவே சுவரே சாளரமாயிற்றோ என்னுமாறு பெருஞ்சாளரங்கள் வைத்தார். வாயிலுக்கு ஒருபுறம் மூன்று, மறுபுறம் நான்கு! இருபுறமும் ஒத்திருத்தலே அழகு என்று கற்றவர்க்கு இது பிழையாகத் தோன்றும். உள்ளே அறைகள் வேண்டியவாறே வெளியே சாளரங்கள் அமைந்தன என்று அறிந்தபின் அவ்வெண்ணம் அகலும். சாளரங்களின் முன் நீண்டு நின்ற இரும்புத் தாங்கிகளை வெறும் அணிகலன் என்றே நினைப்போம். கண்ணாடி துடைப்போர் பலகையிட்டு நிற்கவும் அவை உதவின. செய்யுளில் அணி பொருளோடு ஒட்டிப் பிறக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோம் அல்லவா? அதனை இரும்பில் காட்டியவர் இவர்.

மேற்குப் பகுதியின் நூலகமோ தனிச் சிறப்புடையது. மரத்தூண்கள் மேல்மாடத்தின் விளிம்பினின்று விலகி முன்னே நின்றன. உயர்ந்த சாளரங்களின் ஒளி அவற்றினிடையே, காட்டு மரங்களினிடையே நுழைவதுபோல் நுழைந்தது.

2014 மே 23-ஆம் நாள் மூண்ட தீயில் அந்நூலகம் அழிந்தது. மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கையில், 2018 சூன் 15-ஆம் நாள் இரவு மீண்டும் தீப்பற்றிக் கட்டடம் முழுவதையும் கூடாக்கியது. இந்த இரண்டாம் தீயின் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை என 2022-இல் தீயணைப்புத் துறை அறிவித்தது.

பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்புவதாகப் பள்ளி 2021-இல் அறிவித்தது. அது போலி என்பார் உளர். 1928-இல் மறைந்தவரின் கை படாத மரம் அவருடையதாகுமா என்பது அவர்தம் வினா. அவர் கை முன்பும் பட்டது தாளில்தானே? மரத்தைச் செதுக்கியவர்கள் தச்சர்கள். வரைபடங்கள் உள்ளன, 2014-க்குப் பின் எடுத்த நுண்ணிய அளவுகளும் உள்ளன. ஆதலின் எழுப்புவதே தக்கது என்பேன். ஆனால் அது காட்சிச்சாலை ஆகிவிடலாகாது. வண்ணம் சிந்தும் மாணவர் உள்ளே இருத்தல் வேண்டும்.

ஒன்றில் மட்டும் மூலத்தினின்று மாறுபடல் வேண்டும். அறைகளுக்கு வெம்மை ஊட்ட மெக்கின்டாஷ் சுவர்களுக்குள் அமைத்த காற்றுவழிகளே, 2014-இல் கீழ்த்தளத்துத் தீயை நூலகத்துக்கு ஏற்றிச் சென்றன. நீர்த்தூவல் அமைப்பைப் பொருத்தும் வேலை அப்போது தொடங்கியிருந்தது, முடியவில்லை.