கற்கச் சென்றோரும் எழுதாத ஏடுகளும்

கல்வியைத் தேடிப் பயணம் செல்வது நமக்குப் புதிதன்று. இமாம் புகாரி அவர்கள் தம் சொந்த நகரை விட்டுப் புறப்பட்டு ஹிஜாஸ், இராக், ஷாம், மிஸ்ரு என்று நாடு நாடாய்ச் சென்று ஆசிரியர்களின் வாய்மொழி கேட்டார்கள். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த கதீப் அல் பக்தாதி, ஹதீஸைத் தேடி மேற்கொள்ளப்பட்ட பயணங்களுக்கென்றே ஒரு தனி நூல் இயற்றினார். தமிழகத்தில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு மலபாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதிச் சென்றனர். கல்விக்காகப் பயணம் போவது இம்மரபின் ஒரு பாதி. போனதைப் பதிந்து வைப்பது மறுபாதி. முதற் பாதியை நாம் இன்றும் விடாது காத்து வருகிறோம். மறுபாதியைக் காத்தோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பயண நூல்கள் தமிழில் இல்லாமலில்லை. ஆனால் ஊர் பார்க்கச் சென்றவன் எழுதுவதும் கற்கச் சென்றவன் எழுதுவதும் ஒன்றல்ல. முன்னவன் விருந்தாளி. காசு கொடுத்துப் பார்க்கிறான். பிடிக்கவில்லையெனில் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். பின்னவனோ அந்நாட்டின்முன் கைகட்டி நிற்பவன். அதன் மொழியில் பிழை செய்து திருத்தப்படுபவன். அதன் ஆசிரியர் இடும் மதிப்பெண்ணுக்கு அஞ்சுபவன். மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிப் பார்ப்பவன். தேறுவோமா தவறுவோமா, ஊர் திரும்புவோமா அங்கேயே தங்குவோமா என்பது அவனுக்கே தெரியாது. அந்தத் தெரியாமையில் எழுதப்படுவதே மாணவ எழுத்து. முடிவு தெரிந்தபின் எழுதப்படுவது வேறொரு வகை. அதற்குச் சுயசரிதை என்று பெயர்.

இந்த வேறுபாட்டை ஆராய்வதற்குத் தாம்பரத்தையும் அதனை ஒட்டிய சென்னைத் தென்புறநகர்களையும்விடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றியது. 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரி எழுந்தது. இவை யாவும் ஒரே பெருஞ்சாலையின் மீதோ அதன் அருகிலோ உள்ளவை. அதே சாலையில்தான் மீனம்பாக்கம் விமான நிலையமும் இருக்கிறது. அயல்நாட்டார் கற்க வந்து இறங்குவதும், நம்மவர் கற்கப் புறப்பட்டு ஏறுவதும் இங்கேதான்.

இச்சாலையோரம் பயின்று பின்னர் அயல்நாட்டிலும் பயிற்சி பெற்ற ஒரு தமிழ் முஸ்லிம் மாணவரின் கதையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’ 1999இல், அருண் திவாரியின் துணையுடன் ஆங்கிலத்தில் வெளிவந்து, பிறகு தமிழுக்கு வந்தது. அதனைப் பாராட்டியோர் பலர். அதனை ஒரு மாணவனின் ஏடாக எடுத்து எடைபோட்டவர் சிலரே.

அதில் குரோம்பேட்டையைப் பற்றிய பக்கங்கள் அருமையானவை. 1950களின் நடுவில் எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்படுகிறது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். தம் சொந்தச் சம்பாத்தியத்தால்தான் அந்நகைகளை மீட்பது என்று தம்பி உறுதி பூணுகிறார். பின்னர், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பு வேலை வருகிறது. பேராசிரியர் சீனிவாசனுக்கு அது திருப்தியளிக்கவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்ட மாணவருக்கு மூன்று நாள் தருகிறார்; தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்கிறார். அன்றிரவு உணவை விட்டு வரைபலகையின்முன் நின்ற இளைஞரை நாம் மறப்பதில்லை. ஏன்? அப்பக்கங்களில் ஒரு கடன் இருக்கிறது. ஓர் அச்சம் இருக்கிறது. வளையல் மீளுமா, உதவித்தொகை நிற்குமா என்று படிப்பவரும் கவலைப்படுகிறார்.

அதே நூலின் அமெரிக்கப் பக்கங்களுக்கு வருவோம். 1963இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவில், ராக்கெட் ஏவும் முறைகளைக் கற்க அவர் ஏறத்தாழ ஆறு மாதப் பயிற்சிக்குச் செல்கிறார். புறப்படுமுன் இராமேசுவரத்தில் தந்தையார் பள்ளிவாசலில் சிறப்புத் தொழுகைக்கு ஏற்பாடு செய்கிறார். ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும் வழியனுப்பப் பம்பாய் வரை வருகின்றனர். அதுவரை நம் நெஞ்சம் அவரோடு போகிறது. விமானம் ஏறியபின் நடை மாறிவிடுகிறது. லாங்லியில் இரு குதிரைகளை ஓட்டும் தேரோட்டியின் சிற்பம். காடர்டு நிலையத்தின் வேலைகள். வாலப்ஸ் தீவின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம். திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர்மீது ராக்கெட்டுகளை ஏவும் காட்சி அது. சொந்த நாடு மறந்த ஒரு வரலாற்றை அந்நிய நாடு சுவரில் மாட்டி வைத்திருந்ததைக் கண்டு அவர் பெருமிதம் கொண்டது நியாயமே. அந்த இடம் நூலின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஆறு மாதம் அவர் எந்த அறையில் தங்கினார்? என்ன உண்டார்? எந்தப் பாடம் புரியாமல் திகைத்தார்? யாரிடம் கடிந்துரை பெற்றார்? 1963 என்பது அமெரிக்காவில் சாதாரண ஆண்டன்று. ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கும் பிறரும் தலைமை தாங்கிய பேரணி நடந்தது. பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தடை செய்த சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. லாங்லியும் வாலப்ஸ் தீவும் இருக்கும் விர்ஜீனியா அவ்வேற்றுமை வேரூன்றியிருந்த தென் மாநிலங்களுள் ஒன்று. கருநிறத் தமிழ் இளைஞர் ஒருவரின் கண்ணுக்கு அந்நாடு எவ்வாறு தோன்றிற்று? ஓவியத்தில் ராக்கெட் ஏவும் வீரர்களின் நிறத்தைக் கவனித்துச் சொன்ன அதே கண், தெருவில் கண்டதைச் சொல்லவில்லை.

இது அவரது குறையன்று, காலத்தின் குறை. ஆறு மாத அனுபவம் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின் நினைவுகூரப்படுகிறது. அதற்குள் ராக்கெட்டுகள் பறந்துவிட்டன. நாட்டின் உயர் விருதுகள் கிடைத்துவிட்டன. ராக்கெட்டோடு தொடர்பற்ற அனைத்தும் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டன. வெற்றி பெற்ற முதியவரின் கை, இளைய மாணவனின் ஏட்டைத் திருத்தி எழுதிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குரோம்பேட்டையில் மாணவராயிருந்தபோது, கல்விக்கூடத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் அவர் தமிழிலேயே கட்டுரை எழுதினார். ஆனந்த விகடன் ஆசிரியர் தேவனிடம் முதற்பரிசும் பெற்றார். விமானவியலைத் தமிழில் எழுதத் தெரிந்த மாணவர் அவர். அவருடைய அமெரிக்க நாள்களோ ஆங்கிலத்தில் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பின் வாயிலாகவே தமிழுக்கு வந்து சேர்ந்தன. அக்கட்டுரையை எழுதிய கை, வாலப்ஸ் தீவிலிருந்தும் மாதம் ஒரு கட்டுரை தமிழில் எழுதியிருந்தால் என்னும் ஏக்கம் இலக்கிய அன்பர் எவருக்கும் எழும்.

மாணவராய் இருக்கையிலேயே எழுதப்பட்ட நூல் எவ்வாறு இருக்கும் என்பதற்கு முஸ்லிம் உலகமே ஒரு சான்று தந்திருக்கிறது. எகிப்தை ஆண்ட முஹம்மது அலி 1826இல் பாரிஸுக்கு ஒரு மாணவர் குழுவை அனுப்பினார். அதற்கு இமாமாக அல் அஸ்ஹரின் இளம் ஆலிம் ரிபாஆ அத்தஹ்தாவி சென்றார். தொழுகை நடத்தப் போனவர் தாமும் மாணவராகிவிட்டார். கண்டதையெல்லாம் எழுதி வா என்று ஆசிரியர் ஹசன் அல் அத்தார் சொல்லி அனுப்பியதை அவர் மறக்கவில்லை. ஐந்தாண்டு கழித்து 1831இல் திரும்பினார்; 1834இல் நூல் அச்சேறியது. ‘தக்லீஸுல் இப்ரீஸ்’ என்று தொடங்கும் அந்நூலின் பெயருக்குப் பாரிஸிலிருந்து பொன்னைப் புடமிட்டெடுத்தல் என்று பொருள் கொள்ளலாம்.

அந்நூலில் மாணவன் மறைவதில்லை. மார்செய்ல் நகரத்துக் காப்பிக்கடையில் நுழைந்து, சுவர்க் கண்ணாடிகளை அறியாமல், பெருங்கூட்டம் நிறைந்த தெரு என்று மயங்கியதை அவரே சொல்கிறார். கைக்காசு செலவிட்டுத் தனி ஆசிரியர் அமர்த்தியதையும், ஓயாது படித்ததால் இடக்கண் பார்வை தளர்ந்ததையும் சொல்கிறார். எந்தப் பாடத்துக்கு எந்த நூலைப் படித்தார், இறுதித் தேர்வில் எத்தனை மொழிபெயர்ப்புகளை முன்வைத்தார், ஆசிரியர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் யாவை என்பனவெல்லாம் அந்நூலில் உள்ளன. 1830 ஜூலைப் புரட்சி அவர் கண்ணெதிரே நடக்கிறது, மன்னன் துரத்தப்படுகிறான், அந்நாட்டு அரசியல் சாசனத்தையே அவர் அரபியில் பெயர்த்துத் தம் நூலில் சேர்க்கிறார். பிரெஞ்சுக்காரரின் தூய்மையையும் உழைப்பையும் புகழ்கிறார். அவர்களுடைய கஞ்சத்தனத்தை எள்ளுகிறார். அறிவு ஒன்றே போதும் என்னும் அவர்கள் கொள்கையை மறுக்கிறார். கற்றுக்கொள்ளவும் மறுக்கவும் ஒருங்கே துணிந்த எழுத்து அது. 1835இல் கெய்ரோவில் தோன்றிய மொழிப்பள்ளிக்கு அவர் தலைமை ஏற்றார். இதனைத் தமிழ் வாசகர் கையில் முழுமையாகக் கொடுப்பது நம் ஆலிம்கள் செய்யத்தக்க பணியாகும்.

தமிழில் இதற்கு நெருங்கி வருபவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1930களில் ஜப்பானில் புகைப்படக் கலை பயின்று, பின் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றார். கல்வி முடித்து நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில், 1937 அக்டோபர் 2 அன்று, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1940இல் அப்படம் வெளிவந்தது. அதே ஆண்டு ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலும் வந்தது. சின்னஞ்சிறு வாக்கியங்கள், மிகையற்ற சொற்கள், எளிய மனிதர்மீது நிலைத்த பார்வை ஆகியவை அவருடைய சிறப்புகள். அவர் கற்ற கலை அவருடைய உரைநடையில் ஊறியிருக்கிறது. ஆனால் புகைப்படக்காரன் தன் படத்துக்குள் வருவதில்லையல்லவா? செட்டியாரும் அவ்வாறே ஒதுங்கி நின்றுவிட்டார். உலகத்தைக் காட்டினார், அதனைக் கற்ற மாணவனைக் காட்டவில்லை. அவ்வடக்கம் பண்பாளருக்கு அழகு. மாணவ இலக்கியத்துக்கு இழப்பு.

இலங்கை அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களிடத்தும் இவ்விழப்பைக் காண்கிறோம். 1933இல் பட்டம் பெற்று உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்றவர், சிவில் சேவைக்குத் தேர்வு பெற்று விரைவில் திரும்பினார். அவருடைய ‘மிஸ்ரின் வசியம்’, ‘தமிழ் யாத்திரை’, ‘ஆபிரிக்க அனுபவங்கள்’ முதலியன 1960களின் பிற்பகுதியில் வெளிவந்தவை. ஒரு கல்விமானின் முதிர்ந்த பயண நூல்கள். கேம்பிரிட்ஜில் இருந்த யாழ்ப்பாணத்து இளைஞரை நாம் அவற்றில் சந்திப்பதில்லை.

இன்று நிலைமை என்ன? பல்லாவரம் முதல் தாம்பரம் வரை அயல்நாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் நிலையங்களின் பலகைகளைக் காணலாம். நகைக்குப் பதில் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, பெயர்தான் கல்விக்கடன். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, மருத்துவம் பயின்ற நம் பிள்ளைகள் நிலவறைகளில் பதுங்கினர். எல்லை வரை நடந்தனர். படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினர். தஹ்தாவி கண்ட ஜூலைப் புரட்சிக்கு இது குறைந்த அனுபவமா? அதுவோ பெரும்பாலும் தொலைக்காட்சிப் பேட்டிகளாக வந்து, ஒரு வாரத்தில் மறைந்தது.

படிக்கவே நேரமில்லாதவன் எழுதுவது எப்படி என்று கேட்கலாம். இரவெல்லாம் படித்துக் கண் தளர்ந்தவரே எழுதினார் என்பது அதற்கு விடை. கைபேசியில்தான் நாள்தோறும் படம் அனுப்புகிறார்களே என்றும் சொல்லலாம். செட்டியார் தம்மை மறைத்து உலகைக் காட்டினார்; இன்றைய படங்களில் முகம் முன்னே நிறைகிறது, உலகம் பின்னே மங்குகிறது. பகுதிநேர வேலையில் பட்ட அவமானமும், தவறிய தேர்வும், தனியறையில் கழிந்த பெருநாளும் அப்படங்களில் விழுவதில்லை. வீட்டார் கவலைப்படுவார்கள் என்று பிள்ளை மறைக்கிறான். ஊரார் ஏளனம் செய்வார்கள் என்று வீட்டார் மறைக்கிறார்கள். இவ்விரு மறைப்புகளுக்கும் நடுவில், அடுத்து புறப்படும் பிள்ளை ஒன்றும் அறியாமல் விமானம் ஏறுகிறான். எழுதாமையால் விளையும் உண்மையான கேடு இதுவே. இலக்கியத்துக்கு ஒரு நூல் குறைவது மட்டுமன்று. ஒருவன் பட்ட பாடு மற்றவனுக்குப் பயன்படாமல் போகிறது.

ஆதலால் வெற்றி வரட்டும், பிறகு எழுதுவோம் என்று காத்திருக்க வேண்டா. வெற்றி பெற்றவனிடம் அந்த மாணவன் மிஞ்சியிருப்பான் என்பதற்கு உறுதியில்லை. ஹசன் அல் அத்தார் தம் மாணவருக்குச் சொன்னதைப் பெற்றோரும் ஆசிரியரும் வழியனுப்பும் வேளையில் சொல்லட்டும்: கண்டதை எழுது, தவறியதையும் எழுது, தாய்மொழியில் எழுது. அவ்வாறு வரும் ஏடுகளைப் பெருமைக் கதையாகத் திருத்தாமல் அச்சிடும் பொறுப்பு நம் இதழ்களைச் சாரும்.