சும்மா கிடந்தே சாகும் பேட்டரி

மோட்டார் படகின் பேட்டரி உழைத்துத் தேய்ந்து சாவது அபூர்வம். சும்மா கிடந்தே சாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன், மின்னசோட்டா ஏரிகளில் பொழுதுபோக்குக்காக ஓடும் இருபது, இருபத்திரண்டு அடிப் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தண்ணீரில் இறங்கினால் அக்டோபரில் கரையேறிவிடும். அதிலும் பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டும்தான் ஓட்டம். மற்ற நாட்களில் துறையிலோ டிரெய்லரிலோ கட்டிக் கிடக்கும். பழைய பாணி ஈய-அமில பேட்டரி, ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈய-அமில பேட்டரி), லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று கடையில் மூன்று வகை இருக்கின்றன. எது உசத்தி என்று கேட்பதற்கு முன், பழையது எதனால் செத்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கிடைக்கும் விடை இது: இன்ஜினைக் கிளப்ப ஏஜிஎம் போதும், லித்தியத்துக்கு வேறு வேலை இருக்கிறது, இரண்டுக்கும் முன்னால் வாங்கவேண்டியது படகிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு நல்ல சார்ஜர்.

கணக்கைப் பாருங்கள். அவுட்போர்டு இன்ஜினின் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்து மூன்று நொடி சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். செலவாவது ஒரு ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இன்னொரு பக்கம், அணைத்து வைத்த ஸ்டீரியோவின் நினைவகமும் இன்னும் ஒன்றிரண்டு சிறு கருவிகளும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால், முப்பது நாளில் 21 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். நூறு தடவைக்கு மேல் இன்ஜினைக் கிளப்பப் போதுமான மின்சாரம், யாரும் தொடாமலே காலி. இதோடு ஈய-அமில பேட்டரி மாதம் ஐந்து சதவீதம் அளவுக்குத் தானாகவும் இறங்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் ஏறும். இறங்கிய நிலையில் கிடக்கும்போது தகடுகளில் படிந்த ஈய சல்பேட் இறுகிப் பெரிய படிகங்களாகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பல வருஷம் தாங்குவதற்கு ஒரு காரணம், அது எப்போதும் சார்ஜரோடு இணைந்தே இருப்பது. படகு பேட்டரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளிர்காலம் வேறு காத்திருக்கிறது: முழு சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, இறங்கிப்போன பேட்டரியின் அமிலமோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து ஓட்டைப் பிளந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஓரளவுக்கு. ஈய-அமில பேட்டரி எண்பது சதவீதம் வரை வேகமாக ஏற்றிக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் ஓட்டி, நாலு மணி நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு, மீன் காட்டும் கருவியையும் தண்ணீர்த் தொட்டியின் பம்பையும் பாட்டையும் ஓடவிட்டு, மறுபடி அரை மணி நேரத்தில் கரைக்கு வருகிறார்கள். அந்தக் கடைசி இருபது ஏறவே ஏறாது. ஏஜிஎம்முக்குப் பராமரிப்பே வேண்டாமே என்பது அடுத்த வாதம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். மெதுவாகவே இறங்கும் என்றாலும் அதுவும் இறங்கத்தான் செய்யும், சல்பேட்டும் படியும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றி உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டிவிட்டால், மறுபடி ஊற்ற வழியும் கிடையாது. அதனால் சார்ஜரில் ஏஜிஎம்முக்கான தனி அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துறையில் மின் இணைப்பு இல்லாதவர்களுக்கு, கன்ட்ரோலரோடு கூடிய சிறு சோலார் தகடே போதும். கசிவை ஈடுகட்ட அதிகம் தேவையில்லை.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே பேட்டரியைத் தூக்கிப் போடுவது பலருக்கு வழக்கம். பல நேரம் குற்றம் கேபிளுடையதாக இருக்கும். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரை வையுங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டிலேயே வையுங்கள். கிளாம்பில் வைத்தால் பயனில்லை. மறுமுனையை ஸ்டார்ட்டரின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இடையில் எங்கோ மின்சாரம் சூடாக வீணாகிறது. கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும்; சோடா உப்புக் கரைசலும் கம்பி பிரஷும் தீர்க்கிற வியாதி. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பேட்டரியையே சோதிக்க லோடு டெஸ்டர் இருக்கிறது: குளிர்-ஸ்டார்ட் ஆம்பியரில் பாதியை 15 நொடி இழுத்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை என்றால் இன்னும் ஆயுள் உண்டு. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: அந்தக் குளிர்-ஸ்டார்ட் எண் மைனஸ் 18 டிகிரியில் அளந்தது, படகு பேட்டரியில் பெரிதாக அச்சிடப்படும் மரைன் எண் 0 டிகிரியில் அளந்தது. பின்னது எப்போதும் பெரிதாகவே தெரியும். பழையதோடு ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

லித்தியம் கட்சிக்காரர்களின் வாதம் லேசானதல்ல. பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அதில் சல்பேட் படியாது. அப்படியானால் நான் சொல்லும் நோயே அதற்கு இல்லையே? உண்மைதான். நூறு ஆம்பியர்-மணி ஏஜிஎம் முப்பது கிலோ இருந்தால், அதே அளவு லித்தியம் பன்னிரண்டு கிலோதான். படகை மெதுவாக நகர்த்தும் 36 வோல்ட் மின் மோட்டார், அதாவது டிரோலிங் மோட்டார், வைத்த மீன்பிடிப் படகில் இப்படி மூன்று இருக்கும். ஐம்பது கிலோவுக்கு மேல் குறையும், நாள் முழுக்க ஆழமாக இறக்கியும் பயன்படுத்தலாம். அங்கே லித்தியத்தைத் தயங்காமல் வாங்கலாம். இன்ஜினைக் கிளப்பும் இடத்தில் கதை வேறு. 3,000 சுழற்சி என்று விளம்பரம் சொல்கிறது. வருஷத்துக்கு ஐம்பது நாள் ஓடும் படகில், ஒவ்வொரு நாளும் ஒரு முழுச் சுழற்சி என்றே வைத்தாலும் அறுபது வருஷம் ஆகும். படகே மிஞ்சாது. மேலும் லித்தியம் கொடுத்ததையெல்லாம் விழுங்கும். அந்தப் பசிக்கு ஈடுகொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். ஏதோ காரணத்தால் பேட்டரியின் உள்ளேயே இருக்கும் காவல் சுற்றான பிஎம்எஸ் நடுவில் இணைப்பைத் துண்டித்தால், எகிறும் வோல்ட்டேஜ் ஆல்டர்னேட்டரின் டையோடுகளைப் பலி வாங்கலாம். உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. ஸ்டார்ட்டிங்குக்கென்றே செய்த லித்தியம் பேட்டரிகளும் விற்கின்றன. உங்கள் இன்ஜினின் கையேடு அதை அனுமதித்தால் மட்டும் யோசியுங்கள். டிரோலிங் மோட்டாருக்கோ விளக்கு, பாட்டுக்கோ லித்தியம் வைத்து அதை ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்வதென்றால், இடையில் ஒரு டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

எந்த வகை வாங்கினாலும் பொருத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம். வசதியாக இருக்கிறதென்று இறக்கை நட்டைக் கையால் முடுக்கிவிடுகிறார்கள். அலையில் குலுங்கிக் குலுங்கி அது தளர்ந்துவிடும். தடித்த கேபிள்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் படகுத் தொழிலின் தரநிர்ணய அமைப்பான ஏபிஒய்சி சொல்கிறது. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரியிலேயே இணைந்திருக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் படகு மூழ்காமல் காப்பது அதுதான். பெட்ரோல் இன்போர்டு படகுகளுக்கான அமெரிக்க அரசு விதி, 90 பவுண்டு விசையிலோ பேட்டரி எடையின் இரு மடங்கு விசையிலோ, எது குறைவோ அதில் இழுத்தாலும் பேட்டரி ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்கிறது. அவுட்போர்டு படகுக்காரர்களும் இதைக் கடைப்பிடித்தால் நஷ்டமில்லை. புதிய பேட்டரியை இறக்கிய அன்றே இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அசைந்தால், படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன் அதைக் கட்டியிருக்கும் பட்டையை மாற்றிவிடுங்கள்.