சூலைக்கு நன்றி சொன்னவர் யார்?

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். நம்மவர்கள் கூடவே ஒரு நாயன்மாரையும் அழைத்து வருவார்கள். என் வீட்டுக்கு அப்படி அதிகம் வந்தவர் அப்பர் சுவாமிகள்தான்.

பதினோரு வருஷமாக எனக்கு முடக்குவாதம். கடைசி நாலு வருஷமாக மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாவதைச் சொல்வதற்குத்தான் தில்லித் தமிழ் வட்டாரத்தில் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. போன மழைக்காலத்தில் என்னிடம் முன்பு படித்த பெண்ணின் தாயார் வந்திருந்தார். "டீச்சர், நீங்களே பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் குடுத்தவங்க. அப்பர் சாமி வயித்துவலிக்கே நன்றி சொன்னாராமே! உங்களுக்கு என்ன குறை? பையன் நல்லா இருக்கான், சொந்த ஃபிளாட்டு இருக்கு. இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்காரலாமா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் வாத்தியார் புத்தி தலைதூக்கியது. அப்பர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா? அலமாரியிலிருந்து நான்காம் திருமுறையை எடுத்துத் தரச் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்தது.

நான்காம் திருமுறையின் முதல் பதிகம் திருவதிகை வீரட்டானத்தில் பாடியது. கதை எல்லோருக்கும் தெரியும். சமண மடத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாரைச் சூலை பற்றுகிறது. தமக்கை திலகவதியாரிடம் வருகிறார், அவர் திருநீறு தருகிறார், தம்பி பாடுகிறார், வலி தீர்கிறது. ஆனால் பாட்டை மட்டும், கதையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்துப் பாடலிலும் நன்றி என்று ஒரு சொல் கிடையாது. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை வினைச்சொல்மேல் வினைச்சொல்லாக அடுக்குகிறார். மருத்துவரிடம் சொல்லும் நோயாளியின் துல்லியம் அது. இன்ன குற்றத்துக்கு இது என்று தெரியவில்லையே என்கிறார். வழிபாட்டையும் தமிழ்ப்பாட்டையும் தாம் ஒருநாளும் மறந்தவரல்லர் என்று வாதாடுகிறார். மாற்றுச் சமயத்தில் இத்தனை காலம் இருந்தவர் இதை எப்படிச் சொல்லலாம் என்று உரைகாரர்கள் பல சமாதானம் தேடியிருக்கிறார்கள். எனக்கு அதில் சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. வலி உச்சத்தில் இருப்பவர் கணக்குப் பார்த்துப் பேசுவதில்லை. விட்டுவிடு என்று கெஞ்சுவார், நான் என்ன செய்தேன் என்று கேட்பார், நான் நல்லவன்தான் என்பார். மூன்றும் ஒரே மூச்சில் வரும். இந்தப் பதிகம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம், அதில் சாந்தம் இல்லாததுதான் என்பேன்.

அப்படியானால் சூலைக்கு நன்றி சொன்னது எங்கே? பெரியபுராணத்தில். அப்பருக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த சேக்கிழார், இறைவன் திருவடியில் கொண்டுவந்து சேர்த்த இந்தச் சூலைக்கு நான் என்ன பதில் செய்துவிட முடியும் என்ற பொருள்படத் திருநாவுக்கரசர் நெகிழ்வதாகப் பாடியிருக்கிறார். அழகான பாடல். ஆனால் சேக்கிழார் அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது நோக்கத்தக்கது. வலி தீர்ந்த பிறகு வைத்திருக்கிறார். சூலை குடைந்துகொண்டிருக்கும்போது அப்பர் வாயில் நன்றியைத் திணிக்க அந்தப் பெரிய கவிக்கு மனம் வரவில்லை. நோய் பார்க்க வருகிற நாம்தான் அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறோம். பின்னால் நின்ற பாட்டை முன்னால் இழுத்து, இன்னும் துடித்துக்கொண்டிருப்பவர் கையில் கொடுத்து, பாடு என்கிறோம்.

சேக்கிழாரிடம் இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பரின் அந்தப் பதிகத்தில் திலகவதியார் பெயரே வராது. சேக்கிழாரோ அந்த அம்மையாரின் கதையை முதலிலிருந்து சொல்கிறார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்தபின் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக அதை நிறுத்திவைத்து வாழ்கிறார். தம்பி சமயம் மாறிப் போனபோதும் திருவதிகையில் கோயில் பணி செய்துகொண்டு காத்திருக்கிறார். தம்பியின் நோயைச் சொல்ல ஆள் வந்தபோது, மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பவும் அவருக்குத் தெரிகிறது. கவனித்துக்கொள்பவர் என்றால் கேட்டதெல்லாம் செய்பவர் என்று நினைத்திருப்போருக்கு இது ஒரு பாடம். அந்தச் செய்தியைச் சுமந்து நடந்த மடத்துச் சமையல்காரரைக்கூடச் சேக்கிழார் விட்டுவிடவில்லை. நோயாளி சொல்ல மறந்த நன்றியை ஐந்நூறு வருஷம் கழித்து வேறொருவர் எழுதிச் சேர்த்திருக்கிறார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

தில்லியில் இருந்துகொண்டு நாராயணீயத்தைச் சொல்லாமல் போனால் மயூர் விஹார்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பாராயணக் குழுக்கள் பழக்கமானவை. மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, தம் குரு அச்சுத பிஷாரடியின் வாத நோயைக் குருதட்சிணையாகத் தாம் ஏற்றுக்கொண்டார் என்பது மரபு. நன்றிக்காக நோயையே வாங்கிக்கொண்டவர்! அப்படிப்பட்டவர் குருவாயூரில் உட்கார்ந்து என்ன பாடினார்? நூறு தசகம்; ஏறத்தாழ ஒவ்வொரு தசகத்தின் முடிவிலும் என் நோயைத் தீர் என்ற விண்ணப்பம். நூறாவது தசகத்தில் கேசாதிபாதமாக இறைவனைக் காண்கிறார். கண்டாயிற்றே, இனி உடம்பு எதற்கு என்று விட்டாரா? இல்லை. ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் கேட்டுத்தான் நூலை முடிக்கிறார். அந்தக் கடைசிச் சொற்களின் எழுத்துகளை எண்ணாக மாற்றினால் கலி நாள் 17,12,210 என்று வரும்; 1586ஆம் ஆண்டின் கடைசியில் விழுகிற நாள். கணித மரபிலும் வந்தவரல்லவா, வேண்டுதலுக்குள்ளேயே தேதியையும் போட்டுவிட்டார். எங்கள் குடியிருப்புப் பாராயணத்தில் முதுகுவலியோடு உட்காரும் பெண்கள் பலருக்கு இந்த விண்ணப்பங்கள்தான் நெருக்கமானவை. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அப்பரும் சரி, மரபுக் கதையில் பட்டதிரியும் சரி, குணமானவர்கள். குணமாகாதவர் யாரைப் பிடித்துக்கொள்வது? எனக்குச் சுந்தரர்தான் கிடைத்தார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் இரண்டு கண்ணும் போகிறது. திருவெண்பாக்கத்தில் கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் கிடைக்கிறது. அங்கே பாடிய பதிகத்தில் இறைவன் சொன்ன பதிலை அவர் எடுத்துச் சொல்வதைப் பாருங்கள். வேலையாக இருக்கும் அதிகாரி, உள்ளேதான் இருக்கிறேன், நீ போ என்று அனுப்பிவைப்பதுபோல இருக்கும். காஞ்சியில் இடக்கண் மட்டும் தெளிகிறது. அந்த ஏகம்பப் பதிகம், ஏழாம் திருமுறையில் 61ஆவது, முழுக்க முழுக்க ஆச்சரியம். அவனைக் காண எனக்குக் கண் கிடைத்த விதம்தான் என்னே என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வியக்கிறார். கிடைத்தது ஒரு கண்தான் என்ற நினைப்பே அங்கே இல்லை. சரி, அதோடு திருப்தி அடைந்துவிட்டாரா? திருவாரூருக்குப் போய் 95ஆம் பதிகத்தைப் பாடுகிறார். உம் அடியார்கள் உள்ளுக்குள் புழுங்கி, முகம் வாடி வந்து குறை சொல்லும்போது நீர் பேசாமல் இருந்தால், நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று சாபம் மாதிரி ஒரு வாழ்த்து. வலக்கண்ணுக்கான சண்டை அது.

ஒரே மனிதர், ஒரே பயணம். காஞ்சியில் வியப்பு, ஆரூரில் சண்டை. பின்னதால் முன்னது பொய்யாகிவிடவில்லை. என் விரல்கள் மடங்குகிற காலை நேரத்தில் எனக்கு வருவது காஞ்சிப் பதிகம். மடங்காத நாட்களில் ஆரூர்ப் பதிகம். இரண்டையும் ஒரே திருமுறையில் வைத்துத் தொகுத்தவர்கள் மனித சுபாவம் அறிந்தவர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பின் நோய். வயிறு வலித்தாலும் கண் போனாலும், பாடுகிற மனம் அவர்களிடம் இருந்தது. மனமே நோய்ப்பட்டால்? இங்கேதான் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கும்பகோணத்துக்காரர், 1920இல் பிறந்து 2000இல் மறைந்தவர், பதினாறு வயதிலேயே மணிக்கொடியில் எழுதியவர். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், எழுதியது தமிழ். வடக்கிலிருந்து தெற்கே போன சமூகத்தில் வந்தவர் நமக்கு இத்தனை நல்ல உரைநடை தந்திருக்கிறார் என்பதைத் தெற்கிலிருந்து வடக்கே வந்த நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தம் சொந்த அனுபவத்திலிருந்து அதை எழுதினார் என்பது பலரும் அறிந்தது.

நாவலின் மகாலிங்கம் எழுத்தாளர், முருக பக்தர், குடும்பஸ்தர். அவர் காதுகளில் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. ஆபாசமும் வசையுமாக, பகல் இரவு பார்க்காமல். வீட்டில் பணமும் வற்றிக்கொண்டே போகிறது. அவர் கடவுளை நினைத்தால் அந்த நினைப்பின் மேலேயே குரல்கள் அசிங்கத்தைக் கொட்டும். அப்பருக்கு வாய்த்த நிலைமை இவருக்கு இல்லை. வேண்டுதல் பிறக்கும் இடத்திலேயே நோய் உட்கார்ந்திருக்கிறது. இருப்பதற்கு நன்றி சொல்லு என்று இவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் அது இன்னொரு குரலாகத்தான் காதில் விழும்.

இதை ஆன்மிகப் போராட்டமாகப் படிப்பவர்கள் உண்டு, மனநோயின் பதிவாகப் படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் சாய்ந்தவள். இத்தகைய குரல்களைத் தணிக்க இன்று மருந்து இருக்கிறது. பக்தி இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் நாவலின் சிறப்பு இந்த வழக்கில் இல்லை. அதன் நடையில் இருக்கிறது. இத்தனை நாராசத்தையும் எழுதுகிற கை பதறவில்லை. தன்னிரக்கம் இல்லை, இடையிடையே ஒரு கேலிகூட எட்டிப்பார்க்கிறது. குரல்கள் சொன்னது இன்னது, நான் நினைத்தது இன்னது என்று பிரித்தறிகிற ஒரு சின்ன இடத்தை மகாலிங்கம் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நாவலில் சில பக்கங்கள் தத்துவ விளக்கமாக நீள்வது எனக்குச் சலிப்பூட்டியதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சின்ன இடத்தை அவை மூடிவிடுகின்றன.

அந்த இடத்தைப் பற்றி யோசித்தபோதுதான் வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயரில் என் கவனம் போனது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய பெயர்: செய்ந்நன்றி அறிதல். நன்றி என்றால் செய்த நன்மை. நாம் செய்ய வேண்டியது அதை அறிவது. நெகிழ்வது, பூரிப்பது, முகம் மலர்வது எதுவும் அந்தப் பெயரில் இல்லை. மனச்சோர்வு வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். என் நோயின் மோசமான நாட்களில் எனக்கு எந்த உணர்ச்சியும் வராது. வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்கு வெந்நீர் வைத்து என் கைகளை அதில் முக்கி எடுப்பார். மனதில் ஒரு நெகிழ்ச்சியும் இருக்காது, மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன். நன்றிகெட்டவளாகிவிட்டேனோ என்று அதற்கும் சேர்த்து அழுத நாட்கள் உண்டு. ஆனால் வெந்நீர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் தெரியும். அந்தத் தெரிதல் போகவில்லை.

அந்தப் பெண்ணின் தாயார் சென்ற மாதம் மறுபடி வந்தார். ஆரூர்ப் பதிகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி, இரண்டு மூன்று இடத்தில் பொருள் கேட்டு, முழுக்கப் படித்தார். "இப்பிடியெல்லாமா சாமியத் திட்டுவாங்க, டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாராம், வாயைத் திறந்தால் வசவுதானாம். இதுவரை அவர் அதைச் சொன்னதில்லை. கிளம்பும்போது என் மாத்திரை பாட்டில்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இலேசாக மூடி வைத்துவிட்டுப் போனார்.