பெண்களும் சேரலாம்

சென்ற ஆண்டு என் அக்கா மகளோடு ஓர் அரசு ஐடிஐயின் சேர்க்கை உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஃபிட்டர் படிக்க வேண்டும் என்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்: “பெண்களும் சேரலாம்மா, தடையில்ல. ஆனா பெண்கள் ஐடிஐ பக்கத்துலயே இருக்கே, தையல் எடுக்கலாமே.”

எனக்கு அந்த ‘உம்’ உறுத்தியது. பள்ளியில் எச்சவும்மை என்று படித்திருப்போம். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ முன்பே வந்துவிட்டார் என்று பொருள். பயிற்சிக்கூடத்துக்கு முன்பே வந்துவிட்டவர் யார் என்பதை அந்த மேசையில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு இரண்டு ஐடிஐகளின் தொழிற்பிரிவுப் பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசித்தேன். பெண்களுக்கானதில் தையல் தொழில்நுட்பம், ஆடை தயாரித்தல், அழகுக்கலை, கணினி இயக்குபவர். பொதுவானதில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன், வெல்டர். முதல் பட்டியலில் எல்லாமே 1 ஆண்டு. இரண்டாவதில் வெல்டர் நீங்கலாக எல்லாமே 2 ஆண்டு. சீக்கிரம் முடிந்துவிடும், கல்யாணத்துக்கும் இடைஞ்சலில்லை என்று வீடு கணக்குப் போடுகிறது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1 ஆண்டுப் படிப்புக்கு அந்த வழி இல்லை. சலுகைபோலத் தெரியும் அந்த ஓராண்டுதான் அவளை நிறுத்திவிடுகிறது.

தையலை மட்டமாகப் பேசவில்லை. எங்களை வளர்த்ததே அம்மாவின் தையல் மிஷின்தான். உடம்பின் வளைவைத் தட்டையான துணியில் வரைந்து வெட்டுவது வடிவியல் இல்லாமல் வேறென்ன? ஃபிட்டர் இரும்புத் தகட்டில் அளந்து கோடு போட்டால் அது தொழில்நுட்பம், அம்மா செய்தால் பழக்கம். அந்தப் பாகுபாடு தையலுக்குள்ளேயே உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். பிசிறு வெட்டுவதும் செக்கிங் பார்ப்பதும் பெண்கள்.

தலைக்கவசம் போட்ட பெண் சிரிக்கும் சுவரொட்டிகளும் எனக்கு உவப்பில்லை. அவை அவளிடம் தைரியத்தை மட்டும் கேட்கின்றன. மறுநாள் பயிற்சிக்கூடத்தைப் பார்க்கப் போனபோது பெண்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். இருந்தது, பூட்டியிருந்தது, சாவி அலுவலகத்தில். வேலைக்கு நடுவே ஒரு பெண் ஒவ்வொரு முறையும் போய் ஓர் ஆணிடம் சாவி கேட்க வேண்டும். போன வருடம் ஃபிட்டரில் எத்தனை பெண்கள் என்றேன். இரண்டு பேர் என்றார் பயிற்றுநர். முடித்தார்களா? ஒருத்தி முடித்தாள். அவளை எந்த ஆலை அப்ரண்டிஸாக எடுத்தது? அவர் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு ஐடிஐயிலும் உண்டு. ஃபிட்டரா தையலா என்று அந்தப் பணம் கேட்பதில்லை. கேட்பது நாம்தான்.

பெண்கள் ஐடிஐ வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது இருப்பதால்தான் பல அப்பாக்கள் மகளை வாசல் தாண்ட விடுகிறார்கள். எங்கள் மாமாவும் அப்படித்தான். அதற்குள் ஒரு லேத்தைக் கொண்டுவந்து வையுங்கள் என்பதே என் கோரிக்கை. அது வரும்வரை இவள் காத்திருக்க முடியாது.

“சித்தி, அந்த ஒருத்தியோட நம்பர் கிடைக்குமா?” என்றாள் திரும்பும் வழியில். விருப்ப வரிசையில் முதலில் ஃபிட்டர், அடுத்து டர்னர் என்று அவளே பதிந்தாள். மூன்றாவதாகத் தையலையும் போடச் சொன்ன மாமா, சாயங்காலம் எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.