பாக்கெட்டுக்குள் ஒரு கிராண்ட்மாஸ்டர்

1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ, இரண்டு பெரிய பீரோ சைஸ். விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பரிசீலித்தது. அதை யாரும் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவர முடியாது. அதனால் செஸ்காரர்களுக்குக் கௌரவம் போனதே தவிர பயம் வரவில்லை.

பயம் 2009-ல் வந்திருக்க வேண்டும். ப்யூனஸ் அயர்ஸில் கோபா மெர்கோசூர் என்று ஒரு போட்டி. 'பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4' என்கிற ப்ரோக்ராம் ஒரு ஹெச்டிசி செல்போனுக்குள் உட்கார்ந்துகொண்டு மனிதர்களோடு மோதி, 10 ஆட்டத்தில் 9.5 பாயின்ட் வாங்கியது. இத்தனைக்கும் அது விநாடிக்குப் பார்த்தது 20,000 நிலைகளுக்கும் குறைவு. டீப் ப்ளூவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! முரட்டு பலம் இல்லை; எதையெல்லாம் பார்க்கவே வேண்டாம் என்று ஒதுக்கத் தெரிந்த சாமர்த்தியம்.

அன்றிலிருந்து செஸ் சரித்திரத்தில் கழிவறைக்கு ஒரு முக்கிய இடம் கிடைத்துவிட்டது. 2015-ல் துபாய் ஓப்பனில், ஜார்ஜியாவின் நேஷனல் சாம்பியன் நிகாலிட்ஸே அடிக்கடி ஒரே கழிவறைக்குப் போய்வந்தார். எதிராளி புகார் செய்ய, போய்ப் பார்த்தால் டாய்லெட் பேப்பருக்குள் போன். அதில் அவர் ஆடிக்கொண்டிருந்த அதே ஆட்டம். 2019-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் 58 வயது ரௌஸிஸ். அந்த வயதில் ரேட்டிங் 2700-ஐ நெருங்குகிறதே என்று எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது, கழிவறையில் போனும் கையுமாக மாட்டினார். இரண்டு பேருக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் போச்சு.

இப்படிப் பிடித்ததைப் பெரிய வெற்றியாகச் சொல்கிறார்கள். என் ஆட்சேபணை இங்கேதான். மாட்டுகிறவர்கள் பேராசைக்காரர்கள். திரும்பத் திரும்ப மெஷினைக் கேட்கிறவர்கள். நிஜமாகவே நன்றாக ஆடுகிறவருக்கு அது தேவையே இல்லை, சார். ஆட்டத்தில் ஒரே ஒரு தரம், 'இங்கே ஏதோ இருக்கு, நிதானமா பார்' என்று ஒரு செருமல் போதும். மிச்சத்தை அவரே கண்டுபிடித்துவிடுவார். 2010 ஒலிம்பியாடில் ஃப்ரெஞ்சு டீம் விவகாரம் கிட்டத்தட்ட அந்த ரகம். ஊரில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்ப, கோச் ஹாலில் எந்த டேபிள் பின்னால் போய் நிற்கிறார் என்பதே சங்கேதம் என்று குற்றச்சாட்டு. மூவருக்கும் தடை விதித்தார்கள். ஆட்டக்காரர் பாக்கெட்டைச் சோதித்திருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. திருடாதவனும் திருடன் மாதிரி நடத்தப்படுவது. 2003-ல் பொனோமாரியோவ் தன் இருபதாவது பிறந்தநாளன்று ஆடிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது, ஆட்டம் காலி. சரி, அது விதி. ஆனால் 2006-ல் எலிஸ்டாவில் உலக சாம்பியன்ஷிப். கிராம்னிக் எத்தனை தரம் பாத்ரூம் போகிறார் என்று டோபலோவ் தரப்பு எண்ணிச் சொல்லி, அவருடைய தனி பாத்ரூமைப் பூட்டவைத்தது. கிராம்னிக் ஆட மறுத்தார். ஐந்தாவது ஆட்டம் ஆடாமலே பறிபோனது. நிரூபணம்? கிடையாது. கடைசியில் ஜெயித்தது கிராம்னிக்தான். அதே கிராம்னிக் பிற்பாடு இணைய ஆட்டங்களில் மற்றவர்கள்மேல் புள்ளிவிவரத்தோடு சந்தேகம் கிளப்பியதை என்னவென்று சொல்ல!

2022-ல் செயின்ட் லூயிஸில் கார்ல்சன், 19 வயது நீமானிடம் தோற்று, மறுநாள் போட்டியை விட்டே விலகினார். நீமான் சின்ன வயதில் இணையத்தில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் இந்த நேரடி ஆட்டத்தில் ஏமாற்றியதற்கு அத்தாட்சி அகப்படவில்லை. காரணமில்லாமல் விலகியதற்காக கார்ல்சனுக்கு 2023-ல் 10,000 யூரோ அபராதம் விதித்தது ஃபிடே. அந்தப் பையன் ஒரு நல்ல மூவ் ஆடினால் முதலில் பாராட்டு வருமா, சந்தேகம் வருமா? உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கார்ல்சன் போன பிறகு அங்கே அவசரமாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். வெளியிலிருந்து யாரும் உதவி அனுப்பக் கூடாது என்று, நேரடி ஒளிபரப்பு 15 நிமிஷம் தாமதமானது. ஹாலுக்குள் ராணி வெட்டுப்பட்டுக் கால் மணி ஆன பிறகுதான் ரசிகருக்குத் தெரியும். அதற்குப் பேரும் 'லைவ்'தான்.